உப்புத் தண்ணீர் குடித்த எஞ்சின்

முட்டம்

ஆனி, ஆடியில் முட்டம் பாறைகளின் மேல் நின்றால் காற்று சட்டைப் பொத்தானைப் பிய்க்கப் பார்க்கும். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். பெரிய படகுகள் 61 நாள் கட்டிக்கிடக்க, தடைக்குள் வராத சின்ன ஃபைபர் வள்ளங்கள் மட்டும் கடலுக்குப் போகின்றன. மீன் கிடைத்தால் நல்ல விலை போகும். ஆனால் வருடத்தின் மிக மோசமான அலையும் இதே இரண்டு மாதங்களில்தான்.

அப்படி ஒரு ஆடியில் ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து பம்புசெட் மோட்டார் பழுதுபார்ப்பவர் ஒருவர் முட்டத்தில் வந்து இறங்கினார். அவர் ஊரில் மோட்டார் போர்வெல்லுக்குள் தண்ணீரிலேயே குடியிருக்கும். கிணறு வற்றி, குடிக்கத் தண்ணீர் இல்லாமல் எரிந்து போனால் மேலே தூக்கி, காயில் கட்டக் கடைக்குக் கொண்டுவருவார்கள். கடலோரத்தில் இது தலைகீழ். வள்ளத்தின் பின்பலகையில் மாட்டிய வெளிப்பொருத்து எஞ்சினுக்கு ஒரு மடக்கு கடல்நீர் உள்ளே போனால் போதும், கதை முடிந்தது. அப்படி முடிந்த எஞ்சின்களை அன்றைக்கே மறுபடி ஓட்டிக் காட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் அவர் வந்திருந்தார். தொழில்காரனுக்குத் தொழில்காரன் மேல் இருக்கும் பொறாமையும் கொஞ்சம் உண்டு.

முட்டத்துக்கு இந்தக் கதையில் தனி இடம் இருக்கிறது. இங்கே இயங்கிய படகு கட்டும் மையத்தில்தான், அலையைத் தாண்டி ஓடக்கூடிய ஒட்டுப்பலகைப் படகுகளை உள்ளூர் மீனவர்களோடு சேர்ந்து உருவாக்கிப் பார்த்தார்கள். அந்த முயற்சியில் ஈடுபட்ட பெல்ஜியக்காரர் பியர் ஜில்லெ, சின்னப் படகுத் தொழில்நுட்பத்தைப் பரப்புவது எவ்வளவு பெரிய பாடு என்பதைப் பற்றி 1985-இல் ஒரு புத்தகமே எழுதினார். கட்டுமரத்திலிருந்து ஒட்டுப்பலகை, ஒட்டுப்பலகையிலிருந்து ஃபைபர் என்று மரம் மாற மாற, துடுப்பும் பாயும் இருந்த இடத்துக்கு எஞ்சின் வந்து சேர்ந்தது.

வலை பின்னிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் இதை வேறு மாதிரி சொன்னார். "மரம் கவிந்தா மரத்தையே பிடிச்சிட்டுக் கெடக்கலாம் சாரே. பெறவு பொரட்டிப் போட்டுட்டு ஏறி வரலாம். எஞ்சின் வந்த பெறவுதான் கவிழுறதுக்கு வெல வந்தது."

உண்மைதான். கட்டுமரத்தில் மூழ்கிச் சாக எதுவும் இல்லை. அது நான்கைந்து மரங்களின் கட்டு. இன்று ஒரு வள்ளம் கரை அலையில் புரண்டால், லட்சத்தைத் தாண்டும் விலையுள்ள எஞ்சின், அதுவும் பெரும்பாலும் கடனில் வாங்கியது, தலைகீழாகத் தண்ணீருக்குள் நிற்கும்.

குளச்சல்

குளச்சல் கடற்கரையில் டச்சுக்காரர்களை மார்த்தாண்டவர்மாவின் படை 1741-இல் தோற்கடித்ததற்கு வெற்றித்தூண் நிற்கிறது. ஒட்டன்சத்திரத்துக்காரர் அதை அரைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கூட்டம் இருந்த பக்கம் போனார். விடியற்காலையில் கரை ஏறும்போது ஒரு வள்ளம் அலைக்குக் குறுக்கே திரும்பிப் புரண்டிருந்தது. ஆட்கள் நான்கு பேரும் நீந்தி வந்துவிட்டார்கள். பின்பலகையில் கட்டிய காப்புக் கயிறு அறுந்து எஞ்சின் மட்டும் அடியில் போயிருந்தது. பாறைகளில் சிப்பி முங்கி எடுக்கும் இளைஞர்கள் இருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கி, கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். சிப்பிக்கு முங்குகிறவர்கள்தான் இந்தக் கரையில் எஞ்சினுக்கும் முங்குகிறார்கள்.

9.9 குதிரைத்திறன் டூ-ஸ்ட்ரோக். 40 கிலோவை ஒட்டிய எடை. மணலில் படுக்கப்போட்டதும் வள்ளக்காரரின் மகன் பாய்ந்து ஸ்டார்ட்டர் கயிற்றைப் பிடித்தான். கரையில் காத்து நின்ற மெக்கானிக் போட்ட சத்தத்தில் காக்காய்கள் எழும்பின.

"மக்கா, கைய எடு! வலிச்சியோ, ராடு வளைஞ்சிரும்!"

அந்தச் சத்தத்துக்குப் பின்னால் எளிய இயற்பியல் இருக்கிறது. காற்றும் எரிபொருள் ஆவியும் அமுங்கும், தண்ணீர் அமுங்காது. சிலிண்டருக்குள் நீர் நிற்கும்போது பிஸ்டனை மேலே தள்ளினால், வழிவிட முடியாத நீர் கனெக்டிங் ராடை வளைத்துவிடும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே மூழ்கியிருந்தால் இந்தச் சேதம் கடலுக்குள்ளேயே நடந்து முடிந்திருக்கலாம். இந்த எஞ்சினை, அலை தூக்கியதுமே வள்ளக்காரர் அணைத்திருந்தார். அந்த ஒரு நொடிப் புத்தியால்தான் எஞ்சினுக்கு இன்னும் உயிர் மிச்சம் இருந்தது.

பிறகு நடந்ததை ஒட்டன்சத்திரத்துக்காரர் கண் இமைக்காமல் பார்த்தார். மேல்மூடியைக் கழற்றி, குடம் குடமாக நல்ல தண்ணீர் ஊற்றி உப்பையும் மணலையும் கழுவினார்கள். தண்ணீரில் முங்கி எழுந்த சாமானுக்கு மறுபடி தண்ணீரா என்று அவருக்கு முதலில் விளங்கவில்லை. மெக்கானிக் விளக்கினார்: ஈரத்தை உலர்த்திவிடலாம், உப்பை உலர்த்த முடியாது. காய்ந்த உப்பு பேரிங்கின் ஊசிகளுக்கு இடையிலும், அலுமினிய உடலும் இரும்பு போல்ட்டும் தொடும் இடங்களிலும் உட்கார்ந்துகொண்டு, காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து இழுத்து அரித்துக்கொண்டே இருக்கும்.

அடுத்து ஃப்ளைவீலைக் கையால் மெதுவாக ஒரு சுற்று. காதைக் கிட்டே வைத்துக் கேட்டார். மணல் அரைபடும் சத்தம் வந்திருந்தால் அத்தோடு நிறுத்தி, முழுதாகப் பிரிப்பதுதான் வழி. சத்தம் இல்லை. பிளக்குகளைக் கழற்றி, பிளக் துளைகள் கீழே பார்க்கும்படி எஞ்சினைச் சாய்த்தார். இப்போது கயிற்றை இழுக்க அந்தப் பையனையே கூப்பிட்டார். ஒவ்வொரு இழுப்புக்கும் பழுப்பு நீர் பீய்ச்சியது. பிறகு நுரை. பிறகு புகைபோல மெல்லிய சாரல்.

கார்ப்ரேட்டர் கிண்ணத்தைத் திறந்தபோது அடியில் நீரும் மேலே எண்ணெயுமாக இரண்டு அடுக்கு தெரிந்தது. எரிபொருள் குழாய், டாங்க், வடிகட்டி எல்லாவற்றையும் காலி செய்தார். சிலிண்டருக்குள் கொஞ்சம் ஸ்பிரிட் விட்டுச் சுழற்றி வடித்தார். ஸ்பிரிட் நீரோடு கலந்து நீரை வெளியே கூட்டிவந்துவிடும். அது கிடைக்காத கரைகளில் பெட்ரோல் ஊற்றுகிறார்கள். ஆனால் பெட்ரோல் நீரோடு கலப்பதில்லை. தள்ளிவிட மட்டுமே செய்யும், மூலையில் ஒளிந்த துளி அங்கேயே இருக்கும். கடைசியாக டூ-ஸ்ட்ரோக் ஆயிலைத் தாராளமாக விட்டு மறுபடி சுழற்றினார். ஃப்ளைவீலின் அடியிலிருந்த காயில்களையும், மின்சார இணைப்புகள் ஒவ்வொன்றையும் பிரித்து, நல்ல தண்ணீரில் அலசி, ஊதி உலர்த்தினார். காயில் வேலை மட்டும் ஒட்டன்சத்திரத்துக்காரருக்குத் தெரிந்த வேலை. கேட்காமலே உட்கார்ந்து கை கொடுத்தார்.

புதுப் பிளக் போட்டு, எஞ்சினின் அடிப்பாகத்தை நீர் நிரப்பிய டிரம்முக்குள் நிறுத்தினார்கள். வெறுமனே ஓட்டினால் குளிர்நீர் பம்பின் ரப்பர் இறக்கை நொடியில் கருகிவிடும். எரிபொருள் அன்றைக்குப் பெட்ரோல் மட்டுமே, வழக்கமாக ஊற்றும் மண்ணெண்ணெய் கிடையாது. ஆயில் இருமடங்கு, பெட்ரோல் டூ-ஸ்ட்ரோக்குக்கு வழக்கமாகச் சொல்லும் 50-க்கு 1 கலவை 25-க்கு 1 ஆனது. சில இழுப்புகளில் இருமியது, அடங்கியது, மறுபடி இருமியது. பிறகு வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு ஓடத் தொடங்கியது. பக்கவாட்டுத் துளையிலிருந்து குளிர்நீர் நூலாகப் பாய்ந்ததைப் பார்த்த பிறகே மெக்கானிக் பீடி பற்ற வைத்தார், டிரம்மிலிருந்து நன்றாகத் தள்ளிப் போய்.

அணைக்க மட்டும் விடவில்லை. ஒரு மணி நேரமாவது மிதமாக ஓடவேண்டும்; எஞ்சினின் சூடுதான் மிச்ச ஈரத்தை விரட்டும். அந்த நேரத்தில் எல்லோருக்கும் கட்டன் சாயாவும் பழம்பொரியும் வந்தன. கடைசி வேலை கியர் ஆயில். அடி ஸ்குருவைத் திருகியதும் பால் விட்ட காப்பி நிறத்தில் வழிந்தது. உள்ளே நீர் புகுந்ததற்கு அதுவே சாட்சி. வடித்துப் புதிது விட்டார்கள். நாளைக்கும் ஒரு தடவை பார்க்கவேண்டும் என்று வள்ளக்காரரிடம் சொன்னார். பார்க்காமல் விடுகிறவர்கள்தான் அதிகம் என்பது அவருடைய அனுபவம்.

தேங்காப்பட்டணம்

கோதையாறும் பறளியாறும் கலந்து குழித்துறை வழியாக வரும் ஆறு கடலில் சேரும் இடம். முகத்துவாரத்தில் துறைமுகம். அலைத்தடுப்புச் சுவர்களின் கூர் முனையில் மணல் குவிய, ஆழம் குறைந்த இடத்தில் அலை திடீரென எழும்பி உடைகிறது. படகு கவிழ்ந்து மீனவர்கள் இறந்த செய்திகள் இங்கிருந்து பலமுறை வந்திருக்கின்றன. பாதுகாப்பாக நுழையக் கட்டிய வாசலே பயந்து நுழையவேண்டிய வாசலாகிவிட்டது என்று ஊர்க்காரர்கள் சலித்துக்கொள்கிறார்கள். சலிப்புக்கு நியாயம் இருக்கிறது.

ஆற்றோரத்து வீடொன்றின் முற்றத்தில் நீல நிறப் பிளாஸ்டிக் டிரம். அதற்குள் ஒரு எஞ்சின், தலை முழுக்கத் தண்ணீரில் மூழ்கி நின்றது. யாரோ விளையாட்டுக்குப் போட்டதுபோல இருந்தது. ஆனால் அதுதான் சரியான முதலுதவி. மூழ்கிய எஞ்சினை வெளியே எடுத்த நொடியிலிருந்து காற்றிலுள்ள ஆக்சிஜன், ஈரமும் உப்பும் படிந்த இரும்பைத் தின்னத் தொடங்குகிறது. மெக்கானிக் உடனே கிடைக்காவிட்டால், அவர் வரும்வரை எஞ்சினை நல்ல தண்ணீருக்குள்ளேயே விட்டுவைக்கவேண்டும். எடுத்தபின் மூன்று மணி நேரத்துக்குள் ஓடவைக்கவேண்டும் என்று சில கையேடுகள் கெடு வைக்கின்றன. வெளியே எடுத்து, வெயிலில் காயப்போட்டு, நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்ட எஞ்சின்தான் சாகிறது.

அந்த டிரம்மை நிரப்பியது யார் என்பது இன்னொரு கதை. வீட்டுக்கார அம்மா சிரிக்காமல் சொன்னார்: "லாரித் தண்ணி. குடிக்கப் பிடிச்சு வச்சிருந்தது. மருமோன் எஞ்சினுக்கு ஊத்திட்டான். நாங்க பெறவு குடிச்சா போதும்."

கடலோரக் கிணறுகள் பலவற்றில் நீர் உப்புக் கரிக்கிறது. எஞ்சினைக் காப்பாற்றும் நன்னீர் பெண்கள் வரிசையில் நின்று பிடித்த குடங்களிலிருந்து வருகிறது. மெக்கானிக்கின் கூலியை எழுதிவைக்கும் கணக்கு நோட்டில் இந்தக் குடங்கள் ஏறுவதே இல்லை. ஆற்றில் வெள்ளம் ஓடும் நாளில் மட்டும் கொஞ்சம் நிம்மதி. எஞ்சினைத் தோளில் சுமந்துபோய் மேல்பக்கத்து ஆற்றுநீரில் முக்கிவிடுகிறார்கள்.

அந்த அம்மாவே மதியத்துக்கு மரச்சீனிக் கிழங்கும் சாளைப் புளிமுளமும் வைத்தார். ஒட்டன்சத்திரத்தில் மீன் என்றால் குளத்து ஜிலேபிக் கெண்டை. சாளையின் முள்ளோடு போராடிய விருந்தாளியைப் பார்த்து வீட்டுப் பிள்ளைகள் சிரித்துத் தீர்த்தார்கள்.

நீரோடி தாண்டி

தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி. ஊர் முடிவதும் அடுத்த ஊர் தொடங்குவதும் தெரியாமல் தேவாலயக் கோபுரங்கள் வந்துகொண்டே இருக்கும். ஆழ்கடல் சுறா வேட்டைக்குப் பேர்போன ஊர்கள். 2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் இந்தக் கரையிலிருந்து கொண்டுபோனவர்களின் படங்கள் இன்னும் வீட்டுச் சுவர்களில் இருக்கின்றன. அந்தத் தெருக்களில் எஞ்சின் பற்றிக் கேட்க ஒட்டன்சத்திரத்துக்காரருக்கு வாய் வரவில்லை. பொழியூர் வழியே கேரளத்துக்குள் பேருந்து நுழைந்தது. எல்லையைத் தாண்டியதும் தடைக்காலம் 61 நாளிலிருந்து 52 நாளாகக் குறைந்துவிடுகிறது. கடலுக்கும் மீனுக்கும் இந்த எல்லை தெரியாது என்பது வேறு விஷயம்.

விழிஞ்ஞம்

ஒரே விரிகுடாவில் இரண்டு உலகம். ஒரு பக்கம் 2025 மே மாதம் திறந்துவைக்கப்பட்ட பன்னாட்டுத் துறைமுகம். அடுத்த மாதமே ஏறத்தாழ 400 மீட்டர் நீளமுள்ள எம்எஸ்சி ஐரினா என்ற சரக்குக் கப்பல் அங்கே வந்து நின்றது. மறுபக்கம் பள்ளிவாசலுக்கும் தேவாலயத்துக்கும் நடுவே மீன்பிடித் துறைமுகம், மழைக்காலத்தில் குமரி வள்ளங்களும் வந்து ஒதுங்கும் புகலிடம்.

வெளிப்பொருத்து எஞ்சினை 1909-இல் தொடங்கி வணிகத்தில் வெற்றிபெற வைத்தவர் ஓலே எவின்ரூட். நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். கேரளக் கடற்கரையில் இயந்திரப் படகுகளை அறிமுகப்படுத்த 1953-இல் வந்த திட்டமும் நார்வே நாட்டினுடையதுதான். அது நீண்டகரையில் உள்பொருத்து எஞ்சின் படகுகளோடு தொடங்கியது. சின்ன மீனவன் கைக்கு எட்டிய வெளிப்பொருத்து எஞ்சின்கள் ஜப்பானிலிருந்து வந்தன: சுசுகி, யமஹா.

இங்கே ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் இளைஞர் தமிழும் மலையாளமும் கலந்து பேசினார். ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சின் மூழ்கினால் என்ன செய்வீர்கள் என்ற கேள்விக்கு, தரையில் வரிசையாக நின்ற ஆயில் கேன்களைக் காட்டினார். டூ-ஸ்ட்ரோக்கில் ஆயில் எரிபொருளோடு வந்து எரிந்து போய்விடும். ஃபோர்-ஸ்ட்ரோக்கில் ஆயில் உள்ளேயே சுற்றுவது. நீர் கலந்தால் மோர் போலாகிவிடும். வடித்து, வடிகட்டியையும் மாற்றிப் புது ஆயில் விட்டு, கொஞ்ச நேரம் ஓட்டி, மறுபடி வடித்து, மறுபடி விட்டு, வெள்ளை நிறம் முற்றிலும் போகும்வரை இதே வேலை. எரிபொருள் மிச்சம், புகை குறைவு என்று புதிய எஞ்சின்களைப் புகழ்கிறவர்கள் இந்த ஆயில் செலவைச் சொல்வதில்லை. எலக்ட்ரானிக் பெட்டிக்குள் உப்பு நீர் புகுந்துவிட்டால் கடற்கரை மெக்கானிக்கிடம் அதற்கு மருந்தும் இல்லை. பழைய டூ-ஸ்ட்ரோக்கை மீனவர்கள் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதைப் பழமைவாதம் என்று சொல்கிறவர்கள் ஒரு ஆடி மாதம் இங்கே வந்து இருந்து பார்க்கலாம்.

"சேட்டா, இந்த டூ-ஸ்ட்ரோக்கிலே எல்லாம் கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரிஞ்சா நன்னாக்கலாம்" என்றார் இளைஞர். பம்புசெட் கடைக்காரர் பலமாகத் தலையாட்டினார். அவர் ஊரிலும் இதே பஞ்சாயத்துதான்.

முதலப்பொழி

திருவனந்தபுரத்துக்கு வடக்கே, கடினங்குளம் காயல் கடலைத் தொடும் வாய். இரண்டு பக்கமும் அலைத்தடுப்புச் சுவர், நடுவே ஓயாமல் உடையும் அலை. 2023 ஜூலை 10-ஆம் தேதி காலை இங்கே வள்ளம் கவிழ்ந்து நான்கு மீனவர்கள் இறந்தார்கள். அதற்கு முன்னும் பலர், பின்னும் சிலர். 2025 ஏப்ரலில் மணல் குவிந்து வாயே அடைபட்டுப் போனது.

வாயைக் கடப்பதைக் கரையிலிருந்து பார்ப்பதே நெஞ்சை அடைக்கும். வள்ளம் உள்ளே நின்று அலைகளை எண்ணுகிறது. பெரிய அலைகள் மூன்று நான்கு போய் ஒரு சின்ன இடைவெளி வரும். அந்த இடைவெளியில் எஞ்சினை முழு வேகத்தில் முடுக்கிப் பாயவேண்டும். பாதியில் எஞ்சின் இருமினால் வள்ளம் குறுக்கே திரும்பிவிடும். பிறகு அலை பார்த்துக்கொள்ளும். போன வாரம் மூழ்கி, அரைகுறையாகத் தேற்றப்பட்டு, மாற்றாத கியர் ஆயிலோடும் உப்புப் பூத்த காயிலோடும் ஓடும் எஞ்சின் இருமும் இடம் பெரும்பாலும் இதுபோன்ற வாயாகத்தான் இருக்கும். ஏனென்றால் முழு வேகம் கேட்பது அங்கேதான்.

கரையில் ஒரு மெக்கானிக் எஞ்சின் ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்தார். முழு வேகத்தில் ஓடும்போது மூழ்கியது. ராடு கண்ணுக்கே தெரியும்படி வளைந்திருந்தது. சூடாக இருந்த சிலிண்டர் குளிர்ந்த நீர் பட்டு விரிசல் விட்டிருந்தது. இதைத் தேற்றமுடியாது, உதிரிப் பாகத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று கைவிரித்தார். வள்ளக்காரர் வாதாடவில்லை. ஆட்கள் பிழைத்ததே போதும் என்ற முகம். எந்தக் கரையிலும் முதல் கேள்வி "ஆள் வந்தாச்சா?" என்பதுதான். எஞ்சின் இரண்டாவது.

ஒட்டன்சத்திரத்துக்காரர் அங்கிருந்து ஊர் திரும்பினார். வந்த காரியத்தில் அவர் கண்டுகொண்டது தொழில் ரகசியம் எதுவும் இல்லை. குளச்சல் மெக்கானிக்குக்குத் தெரிந்ததெல்லாம் கையேடுகளில் இருப்பதுதான். கையேட்டில் இல்லாதது, அந்த முதல் மணி நேரத்தில் கரையில் யார் நிற்கிறார்கள், பக்கத்தில் எத்தனை குடம் நல்ல தண்ணீர் இருக்கிறது என்பது.

அலைத்தடுப்புச் சுவருக்கும் ஏலக்கூடத்துக்கும் கோடிகளில் திட்டம் போடுகிறவர்களிடம் கேட்க ஒன்று உண்டு. வள்ளங்கள் கரை ஏறும் ஒவ்வொரு ஊரிலும் ஒரு நன்னீர்க் குழாய், எஞ்சின் முழுதாக மூழ்கும் உயரத்தில் ஒரு சிமெண்டுத் தொட்டி, மேலே ஒரு கூரை. அடுத்த துறைமுக வரைபடத்தில் இந்த மூன்றையும் சேர்த்துவிடுங்கள். வீட்டுக் குடிநீர் வீட்டிலேயே இருக்கட்டும்.